தீட்டில்லாத சாவு

அம்மா போயாச்சு ஆன்ட்டி என்றது போனுக்குள்ளிருந்து மோகனின் குரல். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பாடா, ஒருவழியாக அந்த ஊரை விட்டுக் கிளம்பிவிட்டாளே, பிடிவாதக்காரி, பையன் எத்தனை மாதமாகக் கெய்ரோவுக்கு வா, கெய்ரோவுக்கு வா என்று கூப்பிடுகிறான், போய்ச் சேர்ந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மண்டபத்துத் தூணோரம் ஒதுங்கி நின்று போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன். மேடையில் யாரோ மைக்கைத் தட்டி ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரெட் வாங்க நின்னாங்க ஆன்ட்டி, லைன்ல நின்னாங்க, ட்ரோன் வந்துச்சு, நெறைய பேர், அம்மா போயாச்சு. அதே குரல், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. மூன்று வருஷம் எங்கள் மாடியில் குடியிருந்து காலேஜ் படித்தவன், அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். கரண்ட் போயாச்சு ஆன்ட்டி, தண்ணி போயாச்சு ஆன்ட்டி, பஸ் போயாச்சு ஆன்ட்டி. எது இல்லையென்றாலும் அவனுக்கு அது போயாச்சு. பேர்கூட மோகன் இல்லை, முஹன்னத். எங்கள் வீதியில் யார் வாயிலும் நுழையாமல் மோகன் ஆகிவிட்டான். அவன் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்த அந்தச் செய்தியை நான் மறுபடியும் போட்டுக் கேட்டேன். மறுபடியும் முதல் இரண்டு வார்த்தையில் அந்தச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது, அந்த மனசை என்ன சொல்வது, தெரிந்த பிறகும் ஒரு கணம் நம்பிப் பார்க்கிறது. மூன்றாம் தரம் போடப் போனபோது, தேவகி அத்தை, உங்களைத்தான் தேடறாங்க, தட்டெல்லாம் எடுத்து வெச்சாச்சு என்று யாரோ ஒரு பெண் கையைப் பிடித்து இழுத்தாள்.

தட்டு. ஆமாம், தட்டு. இன்றைக்கு என் நாத்தனார் சாந்தாமணியின் மகள் தாரணிக்கு நிச்சயம். தாய்மாமன் என் வீட்டுக்காரர், ஆகையால் முதல் தட்டு என் கையால்தான் போக வேண்டும். பட்டுப்புடவை மடித்து வைத்து, மேலே தேங்காயும் மஞ்சளும் பூவும் வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு மேளத்தின் பின்னால் நான் முன்னே நடக்க வேண்டும். சாவுச் சேதி கேட்ட காதோடு, கேட்ட காலோடு. தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் அந்தத் தட்டைத் தொடலாமா? தாரணி நல்ல பிள்ளை, அவளுக்கு நாளைக்கு ஒன்று என்றால் என் மனசு ஆறுமா? இந்த யோசனை வந்ததும் ஒரு தெம்பு வந்தது, இதை நான் யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லாமல் இருப்பது தப்பு, ஆகவே சொல்லலாம். சாந்தாமணி நெற்றிச் சுட்டி ஆட எதிரே வந்தாள். சாந்தா, ஒரு நிமிசம் இங்க வா, எனக்கு ஒரு சாவுச் சேதி வந்திருக்கு, நான் தட்டுத் தூக்கலாமா என்றேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அய்யோ அண்ணி, யாருங்க, ஊர்லீங்களா, பெரியப்பனுங்களா என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இல்ல, நஃபீசா என்றேன். யாரு? நம்ம மாடில இருந்துச்சே, மோகனோட அம்மா, நெஞ்சு ஆப்பரேசனுக்கு வந்துச்சே சூடான்ல இருந்து, அது. அவள் பிடித்திருந்த பிடி அப்படியே தளர்ந்தது. மூச்சு விட்டாள், அந்தக் காற்று என் கழுத்தில் பட்டது. அட போங்கண்ணி, எனக்கு உசுரே போயிட்டு வந்துச்சு, நம்ம ஆளு யாரோ என்னமோன்னு பயந்தே போயிட்டேன். பாவம்தான், நல்ல மனுசி, ஆனா அதெல்லாம் நமக்குத் தீட்டாகுங்களா? சாதியா, சனமா, அதும் கடல் தாண்டி. நீங்க தூக்குங்க அண்ணி, ஒண்ணும் ஆகாது என்று சொல்லி, என் தலையில் சரிந்திருந்த பூவை எடுத்துச் சரியாகக் குத்திவிட்டாள். நல்ல கை அவளுடையது. எனக்குக் காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வருகிற கை.

தீட்டு இல்லை. சரிதான், அவள் சொன்னது சாஸ்திரப்படி சரிதான். காங்கேயத்தில் எங்கள் பங்காளி ஒருவர், நான் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, அவர் செத்ததற்கு அந்த வருஷம் எங்கள் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. கோயிலுக்குப் போகவில்லை. அடுப்பைக் கழுவி, துணியெல்லாம் துவைத்து, நானும் தலை நனைத்துக்கொண்டு, யாருக்காக என்றுகூடத் தெரியாமல் ஈரத்தலையோடு நின்றேன். அந்த மனிதர் என் வீட்டுக்குள் அவ்வளவு தூரம் வந்தார். இவள் என் வீட்டு மாடியில் ஐந்து மாதம் இருந்தாள், என் கொடியில் அவள் துணி காய்ந்தது, இவளுடைய சாவு மண்டபத்து வாசலைக்கூடத் தாண்டவில்லை. தொற்றாத சாவு. யாரையும் தொடாத சாவு. நான் அதைத் தூக்கிக்கொண்டு நின்றாலும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும், பூ வாடாது. என்னவோ அது எனக்குப் பொறுக்கவில்லை. தீட்டு என்று சொல்லி என்னைப் பின்னால் போய் நிற்கச் சொல்லியிருந்தால், அய்யய்யோ கிட்ட வராதீங்க என்று ஒதுங்கியிருந்தால், எனக்கு ஆறுதலாக இருந்திருக்குமோ. என்ன பேச்சு இது. நல்ல நாளும் அதுவுமாய்.

இவரிடமாவது சொல்லலாம் என்று முன் வரிசைக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார், பம்ப் செட் வியாபாரம், மழை, ரோடு. குனிந்து காதில் சொன்னேன், நஃபீசா செத்துப்போச்சாமுங்க. அடடா, எப்ப, ஆப்பரேசன் சரியாத்தானே பண்ணினாங்க என்றார். ஆப்பரேசன் இல்லீங்க, குண்டு போட்டுட்டாங்க. குண்டா, அங்க சண்டை நடக்குதா என்ன? அவருக்கு நிஜமாகவே தெரியாது. இரண்டு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது, நான்கூட எத்தனையோ தரம் அவர் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறேன், மோகன் இப்படிச் சொன்னான், அவங்க வீதில தண்ணி இல்லியாம் என்று. உம் கொட்டியிருக்கிறார். அந்தப் பெரியவர் எட்டிப் பார்த்து, எங்கீங்க சண்டை என்றார். சூடானுங்க என்றார் இவர். சூடானா, உக்ரைன்தான் தெரியும், எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு அங்க டாக்டருக்குப் படிக்கப் போயி ஓடியாந்துச்சு. ஆப்பிரிக்காக்காரனுக எப்பவும் அடிச்சுக்குவானுகளுங்க. எங்க அடிச்சுக்கிட்டாலும் நம்மூர்ல தங்கம் ஏறிப்போகுது பாருங்க, அதைச் சொல்லுங்க. இவர் தலையை ஆட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, பாவம், நல்ல அம்மா, சாயங்காலம் பேசிக்கலாம் போ என்றார். கல்நெஞ்சுக்காரர் இல்லை. முள்ளிவாய்க்கால் சமயத்தில் பட்டறையைப் பூட்டிவிட்டு வெயிலில் மனிதச் சங்கிலிக்குப் போய் நின்றவர், டிவி முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதவர், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அழத் தெரியாத ஆள் இல்லை. அழுகை ஒரு தூரம் வரைக்கும் போகிறது, ஒரு கரை வரைக்கும், அதற்கு மேல் போவதில்லை. நான் மட்டும் என்ன? ஈராக்கில் குண்டு போட்டபோது பேப்பரில் ஒரு குழந்தை படம், அதன் மேலேயே வெங்காயம் உரித்துப் போட்டு மடித்தெறிந்தேன். அந்தக் குழந்தையின் அம்மாவும் என் மாடியில் இருந்து, என் கொடியில் துணி காயப்போட்டிருந்தால் உரித்திருப்பேனா. தெரியாது. தெரிந்தால்தான் வலிக்கும் என்றால் எத்தனை பேரைத்தான் தெரிந்துகொள்வது, அதற்கு எத்தனை மாடி கட்டுவது.

மேளம் தொடங்கிவிட்டது. தட்டு கனமாக இருந்தது, புடவையின் ஜரிகை கட்டைவிரலில் உறுத்தியது. நஃபீசா கட்டுகிற துணியும் புடவை மாதிரியே இருக்கும், தோப் என்பாள், அத்தனை நீளம், ஆனால் கொசுவம் கிடையாது, மேலே சுற்றித் தலையில் போட்டுக்கொள்வதுதான். முதல் நாள் கொடியில் என் புடவைக்குப் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டு இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். அவள் பேசியது அரபி, நான் பேசியது தமிழ், மோகன் காலேஜில் இருக்கும் நேரமெல்லாம் எங்களுக்கு நடுவில் பாஷையே இல்லை. ஆனாலும் பேசினோம். மாமியார் பற்றிக்கூடப் பேசினோம் என்று நினைக்கிறேன், அவள் முகத்தை வைத்துக்கொண்ட தினுசில் அது மாமியாராகத்தான் இருக்க வேண்டும். இஞ்சி தட்டிப் போட்டுக் காபி வைப்பாள், காது இல்லாத சின்னக் கிண்ணத்தில், கசப்பு நாக்கைப் பிடுங்கும், பக்கத்தில் சாம்பிராணிபோல ஒன்று புகையும். அவள் ஊரில் நீலமாய் ஓர் ஆறும் வெள்ளையாய் ஓர் ஆறும் வந்து ஒன்றாகச் சேரும் என்று மோகன் சொன்னபோது, எங்க பவானி கூடுதுறை மாதிரியா என்று கேட்டேன், அவன் அதை அரபியில் சொல்ல, அவள் என்னவோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்த மாதிரி என் தொடையில் தட்டினாள். பாத்து வாங்க அத்தை, படி இருக்கு. மேடைப்படி ஏறினேன். ஆப்பரேசன் முடிந்து வந்தபிறகு ஒருநாள் உள்ளே போட்டிருந்த சட்டையைத் தளர்த்தித் தழும்பைக் காட்டினாள், கழுத்துக் குழியிலிருந்து நேர்கோடாக, ரயில் தண்டவாளம் மாதிரி. என் தலையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். உள்ளே டிக் டிக் என்று கேட்டது. இரும்பிலோ எதிலோ செய்த வால்வாம், வைத்தவர்களுக்கெல்லாம் அப்படிக் கேட்குமாம். கைக்கடிகாரத்தை முழுங்கிய மாதிரி இருக்கிறாள் என்று நான் சொல்ல, புரியாமலே சிரித்தாள், சிரித்தால் வலிக்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டர் இன்னும் எத்தனையோ வருஷம் ஓடும் என்றார். ரொட்டிக்கடை வரிசையில் நின்றபோதும் ஓடியிருக்கும். அந்தக் குண்டுச் சத்தத்துக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் ஓடியிருக்குமா? அவள் விழுந்த பிறகும், அதற்கென்ன தெரியும், அது பாட்டுக்கு டிக் டிக்கென்று, அதைச் செய்தவர்கள் நன்றாகத்தானே செய்திருப்பார்கள். வேண்டாம். அதை நினைக்க வேண்டாம். தட்டைக் கொடுங்க அத்தை, இப்படித் திரும்புங்க, போட்டோவுக்குச் சிரிங்க, இன்னும் கொஞ்சம். சிரித்தேன். வெளிச்சம் அடித்தது. அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டுதான் இருப்பேன்.

பந்தியில் என்னையும் உட்கார வைத்துவிட்டார்கள். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். எதிர் இலையில் ஓர் அம்மாள், இந்தம்மாளுக்குப் பாயசம் ஊத்துங்க சாமி, பச்சைப் பட்டுக்கு, ஆமா அவங்களுக்குத்தான் என்று எனக்காகச் சத்தம் போட்டாள். பாயசம் அப்பளத்தின் மேல் ஓடியது. என் தம்பி குமரேசன் செத்த அன்றைக்கு யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை, ஏன் அது இப்போது ஞாபகம் வருகிறது. பைக்கில் போனவனை லாரி அடித்துப்போட்டது. ஊருக்குக் கொண்டுபோய் எல்லாம் முடித்துவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், வருகிறவர்கள் வந்தார்கள், ஒழுங்காகத் துக்கம் கேட்டார்கள், கிளம்பினார்கள். நஃபீசாவை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, படி இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். என் எதிரே தரையில் உட்கார்ந்தாள், உட்காரவே அவளுக்கு அத்தனை நேரம் பிடித்தது. பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பெருங்குரலெடுத்து அழுதாள். என் தம்பியை அவள் பார்த்ததே இல்லை. பேர்கூடத் தெரியாது. அரபியில் என்னென்னவோ சொல்லிச் சொல்லி அழுதாள், ராகம் போட்டு, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடியும். என் சித்தி பெண்களெல்லாம், யாரு இந்தக் கருப்பம்மா, எதுக்கு இப்படி அழுகுது என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். எனக்கு அதுவரை அழுகையே வரவில்லை. தையல் பிரிந்துவிடப் போகிறது, நஃபீசா போதும், போதும் நஃபீசா என்று அவளைத் தேற்றித் தேற்றித்தான் எனக்கு அழுகை வந்தது. அவள் நாட்டுக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் கடல் அன்றைக்கு எங்கே போயிருந்தது. சாதம் போடட்டுங்களா அம்மா, ரசம் வரைக்கும் வந்தாச்சு. வேண்டாம் என்று கையால் இலையை மறைத்துக்கொண்டு எழுந்தேன். பந்தியில் பாதியில் எழுந்திருக்கக் கூடாது, தெரியும். மயக்கமா அம்மிணி என்றாள் எதிரே இருந்தவள். ஆமாங்க என்றேன். அது ஒன்றுதான் யாரும் மேலே கேள்வி கேட்காத காரணம்.

மண்டபத்துக்குப் பின்னால் அண்டா கழுவும் இடம், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் இல்லை. மோகனைக் கூப்பிட்டேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலேதான் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். ஆன்ட்டி என்றான். நான் பேசுவதற்குள் என் பக்கத்து நாதஸ்வரம் அவனுக்குக் கேட்டுவிட்டது. கல்யாணமா ஆன்ட்டி? இல்லப்பா, நிச்சயம், இவரு தங்கச்சி பொண்ணுக்கு. ஓ, குட் ஆன்ட்டி, வாழ்த்துக்கள் என்றான். அம்மா செத்த பிள்ளை எனக்கு வாழ்த்துச் சொல்கிறான், நான் அதை வாங்கிக்கொண்டு நிற்கிறேன். ஆறுதல் சொல்ல அவன் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது, என் பாஷையில் சொன்னால் அவனுக்குப் பாதி புரியாது. சாவு வீட்டுக்குப் போனால் நாம் என்ன செய்வோம்? கேட்போம். அதே கேள்விகளைத்தான் எல்லோரும் கேட்பார்கள், அவர்களும் அலுக்காமல் எல்லோருக்கும் முதலிலிருந்து சொல்வார்கள், சொல்லிச் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமாக அது நடந்ததாக ஆகும். நான் கீழே கவிழ்த்திருந்த ஓர் அண்டாவின் மேல் உட்கார்ந்தேன், பட்டுப் புடவை நனைந்தால் நனையட்டும். எப்பிடி ஆச்சு கண்ணு என்றேன். சொன்னான். தெரிந்த தமிழிலும் இங்கிலீஷிலும், பக்கத்து வீட்டு ஆள் போன் பண்ணிச் சொன்னது, காலையில் ரொட்டிக்கடை திறந்ததும் எல்லோரும் ஓடியது, அம்மா பின்னால்தான் நின்றாள் என்பது. முதல்லயே நின்னிருந்தா வாங்கிட்டு வந்திருப்பாங்க ஆன்ட்டி, அம்மா வேகமா நடக்காது. ஆமாம் கண்ணு, வேகமா நடக்காது. எப்ப எடுத்தாங்க? எடுக்கிறது என்றால் அவனுக்குப் புரியவில்லை. எங்க புதைச்சாங்க கண்ணு? கிரேவ்யார்ட் போக முடியாது ஆன்ட்டி, ரோட்ல சுடறாங்க. வீட்ல. வெளிய லெமன் மரம் இருக்கு, அங்க. ஆரு ஆரு வந்தாங்க? யாரும் வரல ஆன்ட்டி. பக்கத்து வீட்டு ஆள் ரெண்டு பேர். நானும் இல்ல.

அங்கே அவனுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்பது போனிலேயே தெரிந்தது, ஒரு பாத்திரச் சத்தம் இல்லை, ஓர் இருமல் இல்லை. சாப்ட்டியா என்று கேட்டேன். இல்லை என்றான். நான் அழ ஆரம்பித்தது அதற்குத்தானோ என்னவோ. சத்தமாகத்தான் அழுதேன், தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்கும் மேளத்துக்கும் நடுவில் யாருக்கும் கேட்டிருக்காது, போனைக் காதிலிருந்து எடுக்காமல் வாயோடு வைத்து, நஃபீசா, நஃபீசா என்று, அதற்குமேல் ராகம் போட எனக்குத் தெரியவில்லை, பேரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தப் பக்கம் அவனும் அழுதான். செய்தியில் பேசிய அந்தத் தட்டையான குரல் உடைந்து, எங்கள் மாடிக்கு முதன்முதல் வந்தபோது இருந்த பையன் குரலாகிவிட்டது. எத்தனை நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. பின்கதவு திறந்து இவர் எட்டிப் பார்த்தார், இங்கதான் இருக்கியா, குடும்ப போட்டோ எடுக்கோணும்னு உன்னத்தான் தேடறாங்க என்றார், என் முகத்தைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். எழுந்தேன். வெச்சிடறேன் கண்ணு, அப்பறம் பேசறேன் என்று சொல்ல வாய் வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். துக்கம் கேட்கப் போன வீட்டில் போயிட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது, சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும், எங்கள் பக்கம் அதுதான் மரியாதை. ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். அவனுக்கு இந்த வழக்கமெல்லாம் எங்கே தெரியப்போகிறது. லைன் போயாச்சு என்று நினைத்துக்கொண்டு, அந்த அறையில் தனியாக, ஆன்ட்டி, ஆன்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பான்.